ரீயூனியன் மலைத்தீவில் கட்டுச்சோற்றுக்கு இடம் பார்ப்பது எப்படி

1848-இல் அடிமைமுறை ஒழிந்த பின் கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் வாழும், இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சு ஆட்சியில் உள்ள ரீயூனியன் தீவுக்கு, உறவினரைப் பார்க்கவும் விடுமுறையைக் கழிக்கவும் நம் ஊர்க் குடும்பங்கள் இன்றும் போய்வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றாலே குடும்பத்தோடு வெளியில் போய்ச் சமைத்துச் சாப்பிடுவது அங்குள்ளவர்களின் வழக்கம் என்பதால், விருந்தாளிகளும் ஒருநாள் அதில் சேர்ந்துகொள்ள நேரும். புதுச்சேரியின் சுண்ணாம்பாற்றங்கரையிலும் ஊசுட்டேரிக் கரையிலும் பாய் விரித்துப் பழகிய நமக்கு நிழல், தண்ணீர், வண்டி நிறுத்த இடம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஆனால் 2,512 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் 3,070 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் ஒரு தீவில், இவற்றுக்கெல்லாம் முன்பாக மலையின் எந்தப் பக்கம் போவது, எவ்வளவு உயரத்துக்குப் போவது, எத்தனை மணிக்குப் போவது என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் பக்கம். தென்கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று கிழக்குச் சரிவில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, மேற்குக் கரையை மழை மறைவுப் பகுதியாக விட்டுவிடுகிறது. ஆகவே காலையில் கிழக்கே சேந்த் ரோஸில் குடை பிடித்து நிற்கும் அதே நேரத்தில், மேற்கே சேன் போல் கடற்கரையில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருப்பது அங்கே வாடிக்கையான காட்சி. தங்கியிருக்கும் வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுப் பயணத்தைக் கைவிடுவதில் பொருளில்லை. போகவிருக்கும் பகுதியின் வானிலை அறிக்கையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நேரம். விடியற்காலையில் துல்லியமாகத் தெரியும் மலைமுகடுகள், நிலம் சூடேற ஆரம்பித்ததும் காலை ஒன்பது, பத்து மணிக்குள் மேகத்தால் மூடப்பட்டுவிடும். மேற்கில் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள மாய்தோ விளிம்பிலிருந்து, சாலையே இல்லாத மஃபாத் பள்ளத்தாக்கைப் பார்க்க விரும்புபவர்கள் ஏழு மணிக்கெல்லாம் மேலே இருக்க வேண்டும். பார்த்து முடித்த கையோடு அங்கேயே சாப்பாட்டுப் பையைப் பிரிக்காமல், சிறிது தூரம் இறங்கி வந்து, சாலையோர மரக்காட்டுக்குள் வனத்துறையினர் அமைத்துள்ள மேசைகளில் அமர்வதே நல்லது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி வெப்பம் குறையும் என்பதால், கடற்கரையில் வியர்வையோடு கிளம்பியவர்கள் விளிம்பின் காற்றில் நடுங்கத் தொடங்குவார்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். காலையில் உயரம், நண்பகலுக்குப் பின் கடலோரம் என்று நாளைப் பிரித்துக்கொள்வதே என் கணிப்பில் எல்லாவற்றிலும் பயனுள்ள முறை.

பருவம் நமக்கு நேர்மாறானது. நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் மே மாதத்தில் அங்கே குளிர்ந்த, மழை குறைந்த பருவம் தொடங்குகிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் அக்டோபரில் அங்கே நன்றாகக் காய்ந்திருக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமர்சன் எரிமலை வாயருகே மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. புதுச்சேரியில் மூன்று ஆண்டுகளில் பெய்யும் மழைக்கு அது ஏறக்குறைய ஈடு. அந்த மாதங்களில் போகிறவர்கள் மலையைத் தவிர்த்து மேற்குக் கரையோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கப் புகைப்படங்களை நம்புவதைவிட வரைபடத்தை நம்பலாம். பிரெஞ்சு அரசின் நில அளவை நிறுவனமான ஐஜிஎன், தீவு முழுவதையும் 1:25,000 அளவில் ஆறு தாள்களாக வெளியிட்டுள்ளது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் நெருக்கமாக ஓடும் இடம் செங்குத்தானது. கோடுகள் விலகி அகலும் இடத்தில்தான் பாய் விரிக்கத் தக்க சமதளம் கிடைக்கும். அப்படிப்பட்ட திட்டுக்குப் பக்கத்தில் சாலையும் வந்து முடிந்தால் பாதி வேலை முடிந்தது. போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துப் பாருங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையில் அது உருண்டோடினால், குழம்புச் சட்டியும் நிற்காது. இன்னொன்று, தீவு 21 பாகை தெற்கு அட்சரேகையில் இருப்பதால், மே முதல் ஆகஸ்டு வரை நண்பகல் சூரியன் வடக்கே நன்றாகச் சாய்ந்திருக்கும், நிழல் தெற்கே விழும். காலையிலேயே மரத்தின் தெற்குப் பக்கத்தில் இடம் பிடித்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பாயை இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

மிகுந்த கவனம் தேவைப்படுவது தண்ணீரோரத்தில்தான். மலை செங்குத்தாகவும் ஆறுகள் குட்டையாகவும் இருப்பதால், மேலே பெய்த மழை கீழே வெள்ளமாக வந்து சேர அதிக நேரம் ஆகாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வானம் நிர்மலமாக இருக்கலாம். ஆற்றங்கரைக்குப் போனதும் புதர்களின் கிளைகளைப் பாருங்கள். காய்ந்த புல்லும் சுள்ளியும் இடுப்பு உயரத்திலோ மார்பு உயரத்திலோ ஒரே திசையில் சுற்றிக்கொண்டு தொங்கினால், கடைசி வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கோட்டுக்கு மேலே இடம் தேடுங்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, சாப்பாட்டுப் பாத்திரங்களை விட்டுவிட்டாவது குழந்தைகளோடு மேடேறிவிட வேண்டும். ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் போட்ட தரைப்பாலத்தைத் தாண்டித்தான் திரும்ப வேண்டுமென்றால், மழை அறிகுறி தெரியும் நாளில் அந்த இடமே வேண்டாம். மழைக்குப் பிந்தைய நன்னீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு என்பதால், காலில் காயம் உள்ளவர்கள் இறங்கக்கூடாது. 2005-06-இலும் 2025-இலும் சிக்குன்குனியா பெருமளவில் பரவிய தீவு என்பதால், ஓடைப் பள்ளங்களில் உட்காருபவர்கள் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டும் களிம்பும் வைத்திருப்பது நலம்.

கடலும் நம் வங்கக் கடலைப் போன்றதல்ல. சுறா தாக்குதல்களை அடுத்து 2013 முதல், பவளப்பாறை அரண் உள்ள பகுதிகளையும் கண்காணிப்புள்ள இடங்களையும் தவிர மற்ற கடற்பகுதிகளில் குளிப்பது தடை செய்யப்பட்டது. குழந்தைகள் தண்ணீரில் இறங்கியே தீருவார்கள் என்றால், மேற்கே எர்மிதாஜ் கடற்கரை பொருத்தம். பவளப்பாறைக்கு உள்ளே கடல் ஆழமின்றி இருக்கும், கரையில் கடலூர்ப் பக்கம் நாம் பார்த்துப் பழகிய சவுக்கு மரங்கள் நிழல் தரும். தெற்கே தென்னை சூழ்ந்த கிராந்த் ஆன்ஸ் பார்ப்பதற்கு அழகு, ஆனால் அலை முரட்டுத்தனமானது. பாறைகளால் தடுத்த குளத்துக்கு வெளியே இறங்கக்கூடாது. கிழக்கே ஆன்ஸ் தே காஸ்காதில் மலையருவிகளும் தென்னந்தோப்பும் கடலும் ஒரே இடத்தில் சேர்கின்றன. மழையற்ற காலையில் போனால் அதற்கு ஈடு சொல்வது கடினம்.

அடுப்பு மூட்டுவதற்கென்று கட்டப்பட்ட இடங்களைத் தவிரக் காட்டில் எங்கும் தீ வைக்கக்கூடாது. 2010-இலும் 2011-இலும் மாய்தோ பகுதியில் பரவிய காட்டுத்தீ பெரும் பரப்பை அழித்தது. 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாகும். மேலே போகும் நாளுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போவதே வசதி. மலையூரான சிலாவோஸுக்குப் போகும், வளைவுகள் நானூறு என்று சொல்லப்படும் சாலையில் வாந்தி வரக்கூடியவர்கள் சாப்பாட்டை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

சாலையோரங்களில் சிவப்பு வண்ணம் பூசிய சிறு மாடங்கள் தென்படும். அவை கிறித்தவப் புனிதரான எக்ஸ்பெடிட்டுக்கு நேர்ந்துகொண்டு மக்கள் வைத்தவை. எத்தனை நல்ல நிழல் இருந்தாலும் அவற்றின் அருகில் பந்தி விரிக்காதீர்கள்.

கூரையுள்ள மேசைகளைப் பிடிக்க உள்ளூர்க் குடும்பங்கள் ஞாயிறு அதிகாலையிலேயே ஆள் அனுப்பிவிடுவார்கள். அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்க முடியாது. வாரநாளில் போங்கள், அல்லது உறவுக்காரர் ஒருவரை முன்னதாக அனுப்பிவையுங்கள். ஜூன் மாதத்தில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மலைச் சாலையில் மேகமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் இருட்டும் என்பதால், உயரத்தில் இருப்பவர்கள் மூன்று மணிக்குள் பாத்திரங்களைக் கழுவிக் கட்டி, குப்பையையும் பையில் அள்ளிக்கொண்டு இறங்கத் தொடங்கலாம்.