டிரக்கின் ஜெனரேட்டரில் காரைச் சார்ஜ் செய்தபோது மின்சாரம் துண்டிக்கப்பட்டது ஏன்: என் அனுபவம்

என் ஹைப்ரிட் டிரக்கின் 7.2 கிலோவாட் ஜெனரேட்டரிலிருந்து மின்சார காரைச் சார்ஜ் செய்தால், சில நிமிடங்களில் டிரக் 240 வோல்ட் இணைப்பைத் தானாகவே துண்டித்துவிடும். நான்கு நாட்கள் இதிலேயே கழிந்தன.

முதலில் எர்த் மீது சந்தேகப்பட்டேன். பல கையடக்க ஜெனரேட்டர்களில் நியூட்ரல் கம்பி எர்த்துடன் இணைந்திருக்காது என்பதால் சார்ஜர் வேலை செய்ய மறுக்கும். ஆனால் அப்படியானால் சார்ஜ் தொடங்கவே தொடங்காது, எனக்கோ ஒவ்வொரு முறையும் தொடங்கியது. பிறகு நீட்டிப்புக் கேபிளை மாற்றினேன், எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கினேன், பயனில்லை.

காரின் திரையில் 32 ஆம்பியர் என்று கண்டபோதுதான் விஷயம் விளங்கியது. டிரக்கின் சாக்கெட் 30 ஆம்பியருக்கானது. நான் இடையில் பொருத்தியிருந்த அடாப்டரோ 50 ஆம்பியர் பிளக்கை ஏற்பது. சார்ஜர் தன் முனையிலுள்ள பிளக்கின் வகையை வைத்தே எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று காருக்கு அறிவிக்கிறது, அடாப்டருக்கு அப்பால் இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே கார் 7.68 கிலோவாட் இழுத்தது. டிரக் சிறிது நேரம் பொறுத்துவிட்டுத் துண்டித்தது.

காரின் அமைப்பில் 24 ஆம்பியர் என்று குறைத்ததும், அதாவது 5.76 கிலோவாட்டில், துண்டிப்பு நின்றது. ஆனால் என் கார் அந்த அளவை இடத்தோடு சேர்த்தே நினைவில் வைக்கிறது. டிரக்கை வேறிடத்தில் நிறுத்தியதும் 32க்குத் திரும்பிவிட்டது. எனவே சார்ஜரின் முனையையே 30 ஆம்பியர் வகைக்கு மாற்றினேன். இப்போது சார்ஜரே 24 என்று அறிவிக்கிறது.