சாமி நம்பிக்கை போன பிறகும் பண்டிகையை நடத்துவது எப்படி?

நம்பிக்கை போய்விட்டது, ஆனால் கொலு வைக்க ஆசை இருக்கிறது, அப்பாவின் திவசத்தை விடவும் மனசு வரவில்லை. சென்னையில் இப்படி நிறைய பேர் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். உங்களுக்காகத்தான் இது.

முதலில், சடங்குக்கு அறிவியல் காரணம் தேடுவதை நிறுத்துங்கள். சாணம் கிருமிநாசினி, தோப்புக்கரணம் மூளைக்கு நல்லது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருமே, அதுதான். கிருமிக்காகத்தான் என்றால் பினாயில் போதுமே என்று வீட்டுப் பிள்ளை கேட்கும், அதோடு சடங்கும் போச்சு.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அதைச் செய்யாவிட்டால் இன்னொரு மனிதருக்கு ஏதாவது குறையுமா? கொலுவில் குறையும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மை வாங்குவதும் படி கட்டுவதும் பாதி வேலைதான், மீதி ஆட்களைக் கூப்பிடுவது. பக்தி இல்லாதவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு, பழைய விதிக்குப் பயப்பட வேண்டாம். சுமங்கலிக்கு மட்டும் குங்குமம், கணவரை இழந்தவர் சமையலறையோடு நிற்கட்டும் என்ற வழக்கத்தை முதல் நாளே தூக்கிப் போடுங்கள். கீழ் வீட்டு அத்தை, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, எதிர் வீட்டு பாய் குடும்பம் எல்லாருக்கும் ஒரே தாம்பூலம், ஒரே சுண்டல். யாரைக் கூப்பிடக் கூடாது என்று சொல்வதற்காகவே இருக்கும் வழக்கத்தைக் காப்பாற்ற நமக்கு ஒரு காரணமும் இல்லை.

பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்து மூவர் அன்று மாட வீதிகளில் வழியெல்லாம் நீர்மோரும் சாப்பாடும் கொடுப்பார்கள். கை நீட்டுபவரிடம் சாமி உண்டா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் போகாமல் கரண்டியைப் பிடியுங்கள். ஏனென்றால் அந்தத் திருவிழாவை இழுத்து நடத்துவது நம்புகிறவர்கள், நாம் அவர்கள் உழைப்பில்தான் ஊர்வலம் பார்க்கிறோம்.

கல்யாணம் சுலபம். 1967-இல் அண்ணாதுரை ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வந்துவிட்டது. இந்து மணமக்கள் உறவினர், நண்பர்கள் முன் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ செல்லும், புரோகிதர் தேவையில்லை. பதிவு மட்டும் மறக்காதீர்கள்.

திவசம்தான் கஷ்டம். பித்ருக்களை வரச் சொல்லும் மந்திரத்தை, வருவார்கள் என்று நம்பாமல் சொல்வது பலருக்குத் தொண்டையில் சிக்கும். அம்மாவுக்காகச் செய்கிறேன் என்றால் முணுமுணுக்காமல் முழுதாகச் செய்யுங்கள். முடியாது என்றால் கூடப் பிறந்தவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, அன்றைக்கு அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்து, ஒரு முதியோர் இல்லத்தில் சாப்பாடு போட்டு, அவரைப் பற்றிப் பேசுங்கள். நேர்த்திக்கடன், தோஷப் பரிகாரம் இரண்டையும் விட்டுவிடலாம். கேட்பவர் இல்லை என்று ஆன பிறகு வேண்டுதல் எதற்கு?

இதெல்லாம் அடுத்த தலைமுறை வரை தாங்குமா என்றால், தாங்கிய இடம் உண்டு. அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் ஷெர்வின் வைன் என்ற யூத ரபி 1963-இல் ஒரு சபை தொடங்கினார். கடவுளை விளிக்கும் வரிகளை எடுத்துவிட்டு, தாங்கள் உண்மையிலேயே ஏற்கும் சொற்களை எழுதிக்கொண்டு, பண்டிகைகளைத் தொடர்ந்தார்கள். அவர் இறந்த பிறகும் அந்த இயக்கம் நடக்கிறது. சிறியதுதான், கூட்டம் குறைவுதான்.

பிள்ளைகளுக்கு விளக்கத்தைவிட வேலை கொடுங்கள். “சாமி இருக்கா?” என்று கேட்டால், பாட்டி இருக்கு என்கிறாள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, நீ பெரியவளானதும் முடிவு பண்ணிக்கோ என்று சொல்லிவிட்டு, சுண்டலுக்குத் தேங்காய் துருவச் சொல்லுங்கள்.