மரத்தில் பூனையா? முதலில் கூட்டத்தைக் கலையுங்கள்

மரத்தின் மேலிருந்து பூனை கத்தினால் போதும், கீழே பாதித் தெரு கூடிவிடும். ஒருவர் தொரட்டியோடு வருவார், இன்னொருவர் போர்வையோடு வருவார், பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து ‘மியாவ்’ என்று பதில் கொடுப்பார்கள். எல்லாரும் உதவத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் பூனை இறங்காமல் இருப்பதற்குப் பல நேரம் இவர்களே காரணம். நாய்க்குப் பயந்து ஏறிய பூனை, நாயை விடப் பெரிய கும்பல் கீழே நிற்பதைப் பார்த்தால் எதற்கு இறங்கி வரப்போகிறது?

‘ஏறத் தெரிஞ்சதுக்கு இறங்கத் தெரியாதா?’ என்று கேட்பவர் ஒருவர் எல்லாத் தெருவிலும் உண்டு. உண்மையிலேயே பல பூனைகளுக்குத் தெரியாது. பூனையின் நகம் கொக்கி மாதிரி உள்வளைந்தது. மேலே ஏறும்போது அது பட்டையில் மாட்டிக்கொண்டு உடம்பின் எடையைத் தாங்கும். தலைகீழாக இறங்கினால் அதே கொக்கி திசை மாறிவிடும், பிடி கிடைக்காது. அணில் தலைகீழாக ஓடுவது பின்னங்கால் பாதத்தைத் திருப்பி வைத்துக்கொள்ள முடிவதால்தான். பூனைக் குடும்பத்திலும் வடகிழக்கு இந்தியக் காடுகளில் வாழும் படைச்சிறுத்தைக்கு இந்த வித்தை வரும். நம் வீட்டுப் பூனைக்கு வராது. அது வால் கீழே, தலை மேலே என்று பின்பக்கமாகத்தான் வழுக்கி இறங்கியாக வேண்டும். அனுபவமுள்ள பூனை இதைச் செய்துவிடும். முதல் முறையாகப் பயத்தில் ஏறிய குட்டிக்கு அது தோன்றவே தோன்றாது. முகத்தைக் கீழே நீட்டும், கால் வழுக்கும், மறுபடி மேலே போய் உட்கார்ந்து கத்தும்.

அதனால் முதல் வேலை கூட்டத்தைக் கலைப்பது. நாயைக் கட்டிப்போடுங்கள். அடிமரத்தருகே கருவாடோ வறுத்த நெத்திலியோ வைத்துவிட்டு நீங்களும் விலகிப் போய்விடுங்கள். தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஊர் அடங்கிய பிறகு, நன்றாக இருட்டியதும், பல பூனைகள் தாமாகவே இறங்கிவிடும். வளர்த்தவர் மட்டும் அவ்வப்போது வந்து, சோறு வைக்கும்போது கூப்பிடும் அதே குரலில் கூப்பிடலாம். டார்ச்சை நேரே கண்ணில் அடிக்க வேண்டாம்.

தாழ்வான மரமாக இருந்தால் ஒரு நீளப் பலகையைச் சாக்கு சுற்றிச் சாய்வாகக் கட்டி வைக்கலாம். நகம் பதிய இடம் கிடைத்தால் பூனை தானே வழியைக் கண்டுபிடிக்கும். பலகை ஆடக் கூடாது. ஆடினால் மறுபடி அதில் கால் வைக்காது.

காத்திருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம். மறுநாளும் அதே கிளையில் இருந்தால் ‘தானா வரும்’ என்று விட்டுவிடக் கூடாது. மேலே தண்ணீர் கிடையாது, கத்திரி வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். நாள்கணக்கில் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும், கொழுத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். கத்துவதை நிறுத்திவிட்டால் சமாதானமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், களைத்துப்போயிருக்கலாம். சிறு குட்டி, அடிபட்ட பூனை, கழுத்துப்பட்டை கிளையில் சிக்கிய பூனை என்றால் இரவு வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

இனி, கீழேயிருந்து துரத்துவது. தொரட்டியால் குத்துவது, கிளையைக் குலுக்குவது, ஹோஸ் பைப்பில் தண்ணீர் பீய்ச்சுவது, கல் எறிவது எல்லாம் ஒரே தவறின் வெவ்வேறு வடிவங்கள். ஆபத்து கீழேயிருந்து வந்தால் பூனை மேலேதான் போகும், அதற்கு மேல் வழியில்லை என்றால் கிளை நுனிக்குப் போகும். பத்தடியில் இருந்ததை முப்பதடிக்கு ஏற்றிவிட்டு அப்புறம் ஏணி தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

‘விழுந்தா என்ன, பூனை காலூன்றித்தான் விழும்’ என்பது பாதி உண்மை. உடம்பைத் திருப்பிக் காலை ஊன்றும் திறமை அதற்கு இருக்கிறது. அப்படி விழுந்தும் தாடை உடையும், மேலண்ணம் பிளக்கும், நுரையீரலில் அடிபடும். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987ல் ஓர் ஆய்வு வெளியானது, சுமார் 90 சதவீதம் பிழைத்தன. இதைத்தான் பலரும் ஆதாரமாகக் காட்டுவார்கள். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போர்வையை நாலு பேர் பிடித்து நிற்பது விழுந்தால் தாங்குவதற்கு மட்டும்தான். அதை நம்பிப் பூனையைக் குதிக்க வைக்காதீர்கள்.

பூனையை விட ஏறுகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நம் ஊர்களில் வேம்பும் புங்கனும் மின்கம்பிக்குள் புகுந்து வளர்ந்திருக்கும். பச்சை மரத்தில் மின்சாரம் பாயும், ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த மரத்தில் அலுமினிய ஏணியைச் சாய்ப்பதும் இரும்புத் தொரட்டியை நீட்டுவதும் பூனைக்காக உயிரைப் பந்தயம் வைப்பது. மூங்கில் கம்பு என்றாலும் துணிய வேண்டாம். கிளை கம்பியைத் தொடுகிறதா, பூனை மின்கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ இருக்கிறதா, உடனே தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக அவர்கள் உறுதியாகச் சொல்லும்வரை மரத்தைத் தொடக் கூடாது. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தெருக்கம்பியும் அணைந்துவிட்டது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்!

மரத்துக்கு மரம் ஆபத்து மாறும். முருங்கையில் ஏறவே கூடாது, கை பருமன் கிளைகூடச் சொல்லாமல் முறியும். பூனை முருங்கையில் இருந்தால் ஏணியைப் பக்கத்துச் சுவரில் சாய்த்துக்கொள்ளலாம். மாமரத்தில் முசுறு என்ற செவ்வெறும்பு இருக்கும், இலைகளைச் சேர்த்துக் கட்டிய கூடு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு கையால் பூனையைப் பிடித்திருக்கும்போது முசுறு கடித்தால் எந்தக் கையை விடுவீர்கள்? குளவிக்கூடோ தேன்கூடோ கண்ணில் பட்டால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். தென்னையில் பூனை மட்டை இடுக்கில் போய் ஒடுங்கிக்கொள்ளும், கூடு கட்டியிருக்கும் காக்கை வேறு மண்டையில் கொத்தும். அங்கே மரம் ஏறியே பழகியவர் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது.

அவருக்கும் பூனை பிடித்துப் பழக்கம் இருக்காது. தேங்காய் எந்தக் காலத்திலும் பிறாண்டியதில்லை! கையுறையும், ஓரத்தில் சுருக்குக் கயிறு கோத்த கெட்டியான துணிப்பையும் கொடுத்து அனுப்புங்கள். மெதுவாக ஏறி, எட்டும் தூரத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருந்து, பூனை அவரை மோந்து பார்க்க விட வேண்டும். பையை உள்வெளியாகத் திருப்பிக் கையில் மாட்டிக்கொண்டு, பிடரித் தோலைப் பிடித்ததும் மறுகையால் பையை அதன்மேல் இழுத்து மூடிவிடலாம். பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்குவது பார்க்க நன்றாயிருக்கும், பாதி வழியில் அது முகத்தைக் கிழித்துவிட்டுக் குதிக்கும். பையைக் கயிற்றில் கட்டி இறக்குவதே சரி.

ஆள் கிடைக்காவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101ல் சொல்லலாம். என்ன மரம், எவ்வளவு உயரம், பக்கத்தில் மின்கம்பி உண்டா, தெருவுக்குள் வண்டி நுழையுமா என்று நாலே வரியில் சொல்லுங்கள். தீ விபத்து அழைப்பு வந்தால் அதற்குத்தான் முதலில் போவார்கள், அதற்காகக் கோபப்படக் கூடாது.

இறக்கியதும் அங்கேயே பையைத் திறந்தால் பூனை அடுத்த மரத்தில் இருக்கும். அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டுத் திறவுங்கள். முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சமாக உணவு. கிண்ணம் நிறையப் பசும்பால் வைத்தால் வயிற்றால் போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஈறு வெளுத்திருந்தாலோ காலை ஊன்றாவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

ஏறியவரையும் கவனியுங்கள். பூனைக் கடியையும் பிறாண்டலையும் ‘சின்னக் கீறல்தானே’ என்று மஞ்சள் தடவி விடுபவர்கள் நிறையப் பேர். பூனையாலும் வெறிநோய் வரும். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ரத்தம் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும், அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள்.