கார் 'டக்' என்கிறது, ஸ்ராட் வரவில்லை: பற்றரியை மாற்ற முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திறப்பைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் அசையவில்லை. உடனே பழைய பற்றரியைக் கொடுத்துப் புதியதைப் பூட்டிக்கொண்டு வருவதுதான் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் வழக்கம். பழுது வேறிடத்தில் இருந்தால் சில நாளில் அதே சத்தம் திரும்பவும் வரும். பற்றரியா, வயரா, எஞ்சினைச் சுழற்றும் ஸ்ராட்டர் மோட்டரா என்று அளந்து பார்க்காமல் எந்தச் சாமானும் வாங்கவேண்டாம்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். 'டக டக டக' என்று வேகமாக அடித்தால், சொலனொயிட் (ஸ்ராட்டருக்கு மின்னைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்ச்) இழுபட்டதும் வோல்ற் விழுந்து அது கைவிடுகிறது. வோல்ற் ஏறியதும் மறுபடி இழுபடுகிறது. பற்றரி இறங்கியிருக்கும், அல்லது இணைப்புக் கெட்டிருக்கும். ஒரேயொரு கனத்த 'டக்' என்றால் சொலனொயிட் இழுபட்டும் மோட்டர் சுழலவில்லை: உள்ளேயுள்ள செப்புத் தொடுகை தேய்ந்திருக்கலாம், காபன் பிரஷ் முடிந்திருக்கலாம். டாஷ்போட் பக்கம் மெல்லிய 'டிக்' மட்டும் கேட்டால் அது றிலே என்ற சின்ன மின்சுவிட்ச். சொலனொயிட்டுக்குப் போகும் சின்ன வயரின் முனையைப் பாருங்கள்.

"லைற் பளிச்செண்டு எரியுது, அப்ப எல்லாம் சரிதானே" என்பது ஆட்களை அதிகம் ஏமாற்றும் கணக்கு. முன் லைற் இரண்டும் சேர்ந்து இழுப்பது 10 அம்பியர் அளவு. சின்னப் பெற்றோல் காரின் ஸ்ராட்டர் 150 அம்பியர் இழுக்கும். பற்றரித் தலையில் வயரைப் பிடிக்கும் கிளாம்பில் 0.02 ஓம் தடை இருந்தால் லைற்றுக்கு 0.2 வோல்ற்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்ராட்டருக்கோ 3 வோல்ற் போய்விடும்.

அதனால் கிளாம்பைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு "இறுக்கமாத்தான் இருக்கு" என்று விடாதீர்கள். கழற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் சுத்தமாயிருந்தாலும் உள்வளையத்தில் சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும். பருத்தித்துறை, காரைநகர் போன்ற கடலோரங்களில் நிற்கும் கார்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலான யப்பான் கார்களுக்கு 10 மில்லிமீற்றர் ஸ்பனர் போதும். மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டவேண்டும். பிளஸில் நிற்கும் ஸ்பனர் காரின் இரும்பு உடம்பில் முட்டினால் தீப்பொறி பறக்கும். வெள்ளை, நீலப் பொடி இருந்தால் ஒரு கோப்பை சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பற்றரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். அப்பச்சோடா உள்ளே போனால் அசிட் கெட்டுவிடும். காய்ந்தபின் ஈயம் வெள்ளிபோல மின்னும்வரை மண்தாளால் தேய்த்துப் பூட்டி, அதற்குப் பிறகே வஸ்லின் பூசுங்கள். மைனஸிலிருந்து போகும் ஏர்த் வயரின் மற்ற முனை கியர்பெட்டியிலோ காரின் உடம்பிலோ பூட்டியிருக்கும். அதை அநேகர் மறந்துவிடுகிறார்கள்.

இனி வோல்ற் அளக்கும் மீற்றர். ஓடி வந்தவுடன் அளந்தால் பொய்க் கணக்கு வரும். சில மணிநேரம் விட்டு அளவுங்கள்; அவசரமென்றால் முன் லைற்றை 2 நிமிடம் போட்டு நிறுத்திவிட்டு அளவுங்கள். 12.6 வோல்ற் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் பண்ணவேண்டும். பிறகு ஒருவர் திறப்பைத் திருப்ப, மீற்றர் முனைகளைக் கிளாம்பில் அல்ல, ஈயத் தலையிலேயே வையுங்கள். முழுச் சார்ஜ் ஏறியும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பற்றரி முடிந்தது என்று பெரும்பாலும் முடிவெடுக்கலாம். 12-ஐ ஒட்டியே நின்று 'டக்' மட்டும் கேட்டால் ஸ்ராட்டருக்கு மின் போகவில்லை, அல்லது போயும் அது எடுக்கவில்லை. பற்றரி மைனஸ் தலைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையில், திறப்பைத் திருப்பும்போது 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயரே குற்றவாளி.

பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடவே வேண்டாம். எங்கள் குடாநாட்டு நிலம் சுண்ணாம்புக்கல்; அந்த உப்புகள் தகட்டைக் கெடுக்கும். போத்தல் குடிதண்ணீரும் ஆகாது. காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

வேறு காரின் பற்றரியிலிருந்து வயர் போட்டு மின் கொடுக்கும்போது நாலாவது முனையை, அதாவது கறுப்பு வயரின் கடைசி முனையை, இறங்கிய பற்றரியின் மைனஸில் வைக்காதீர்கள். எஞ்சினின் வெறும் இரும்பில் வையுங்கள். பற்றரிக்கு மேல் ஐதரசன் வாயு நிற்கும். ஒரு பொறி போதும் வெடிக்க. ஸ்ராட்டரைச் சுத்தியலால் அடிப்பதும் நல்லதல்ல; நிலைகாந்த வகை மோட்டரில் காந்தம் உடைந்துவிடும். திறப்பை 10 விநாடிக்கு மேல் பிடிக்கவும் வேண்டாம்.

மார்கழி வெள்ளத்துக்குள் ஓடி நின்ற காரில் ஒரே 'டக்' கேட்டால் உடனே நிறுத்துங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், திரும்பத் திரும்ப முயல்வதில் பிஸ்டனைப் பிடிக்கும் கொனெக்டிங் றொட் வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுழற்றலாம்.

பிறியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் இந்த ஸ்ராட்டரே இல்லை. சின்ன 12 வோல்ற் பற்றரி இறங்கினால் றிலேக்கள் டிக் டிக் என்னும், டாஷ்போட்டில் 'ரெடி' லைற் வராது. இவற்றைத் தள்ளி ஸ்ராட் பண்ண முடியாது. உயர் வோல்ற் போகும் செம்மஞ்சள் வயர்களில் கை வைக்கவும் கூடாது.

சாதாரண கார் ஸ்ராட் வந்ததும் ஓடவிட்டு இன்னொருமுறை அளவுங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்டும். 13-க்குக் கீழே என்றால், எஞ்சின் ஓடும்போது மின் உண்டாக்கும் அல்டர்நேற்றர் பற்றரியைச் சார்ஜ் பண்ணவில்லை. அதைச் சோதிக்க, ஓடும் எஞ்சினில் பற்றரி வயரைக் கழற்றும் பழைய முறையை விட்டுவிடுங்கள். அந்தக் கணத்தில் எகிறும் வோல்ற் காரின் கணினியையே எரித்துவிடும்.