ஜெர்மனிக்கு புதுசா வர்றீங்களா, ஆம்பளப் பேருங்கள கொஞ்சம் பழகிக்கோங்க

வீடு தேடுறது, ஆன்மெல்டுங் (குடியிருக்கிற விலாசத்த ஆபீஸ்ல பதியறது), பேங்க் அக்கவுன்ட் பத்தியெல்லாம் ஆளாளுக்கு சொல்லிடுவாங்க, ஆனா பேருங்களப் பத்தி யாரும் சொல்றதில்ல, வேலைக்குப் போன மொத நாளே நம்மள தடுமாற வைக்கிறது அதுதான்.

மொதல்ல உச்சரிப்பு. இங்கிலீஷ்ல ஜே-ன்னு படிக்கிற எழுத்து இங்க ய. அதனால யான், யூர்கன், யோசெஃப், யாகோப். நம்ம தமிழ் பைபிள்லயும் யோவான், யோசேப்பு, யாக்கோபுன்னுதானே இருக்கு, அத நெனச்சுக்கிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. ஸ்டீபன்னு எழுத்துல தெரியறவர் ஷ்டெஃபான், வோல்கர் மாதிரி தெரியறவர் ஃபோல்கர். சந்தேகமா இருந்தா அவங்ககிட்டயே கேட்டுடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, சரியா கூப்பிட்டா அவங்க முகமே மலர்ந்துடும்.

பழைய ஜெர்மன் பேருங்க நமக்கு அந்நியமே இல்லைங்க. நம்ம அன்பரசன், வெற்றிவேல் மாதிரி ரெண்டு சொல்ல சேத்து வச்சதுதான். ஃப்ரீட்ரிஷ்னா அமைதியும் ஆட்சியும், சீக்ஃப்ரீட்னா வெற்றியும் அமைதியும், பெர்ன்ஹார்ட்னா கரடியும் உறுதியும். இன்னொரு பக்கம் சர்ச் வழியா வந்த பேருங்க. யோஹான்னெஸ் எபிரேய மொழியிலேர்ந்து வந்தது, கடவுள் அருள் செஞ்சார்னு அர்த்தம், நம்ம ஊர் கத்தோலிக்கங்க அந்த அர்த்தத்தையே எடுத்து அருளப்பர்னு சொன்னாங்க பாருங்க, எவ்ளோ அழகு! ஹான்ஸ், யான், யென்ஸ், ஹன்னெஸ் எல்லாமே அந்த ஒரே பேரோட கிளைங்கதான். அதே மாதிரி கேஓர்க்னு பேரு, கிரேக்கத்துல விவசாயின்னு அர்த்தம், அதுலேர்ந்து வந்தவங்கதான் யூர்கனும் யோர்க்கும். கிளவுஸ், நிக்கோலவுஸோட சுருக்கம். ஆனா நீங்களா யார் பேரையும் சுருக்காதீங்க. ஹான்ஸ்-பேட்டர்னா முழுசா ஹான்ஸ்-பேட்டர்தான், செபாஸ்டியான் தன்னை பாஸ்டின்னு கூப்பிடச் சொன்னா அப்புறம் கூப்பிடுங்க.

பேர வச்சு வயசு ஓரளவு தெரிஞ்சுடும், ஸீ (நீங்க) போட்டு பேசறதா டு (நீ) போட்டு பேசறதான்னு முடிவு பண்ண இது உதவும். கார்ல்-ஹைன்ஸ், டீட்டர், யூர்கன்லாம் பெரும்பாலும் தாத்தா வயசு. தோமாஸ், ஆன்ட்ரியாஸ், மிஹாயேல் அதுக்கு அடுத்த தலைமுறை. அயர்லாந்துப் பேரான கெவின் 1991 வாக்குல திடீர்னு உச்சத்துக்குப் போச்சு, அப்புறம் அதையே கேலி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. 2009-ல ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்துல நடந்த ஒரு ஆய்வுல, டீச்சருங்களே அந்தப் பேர் உள்ள பசங்கள கொறச்சு மதிப்பிடறாங்கன்னு தெரிஞ்சுது. அந்த கேலில நாம சேரவே கூடாது, பேருக்காக ஒதுக்கப்படறது எப்படி இருக்கும்னு நமக்கு நல்லாவே தெரியும். இப்போ பொறக்கற பசங்களுக்கு நோவா, மத்தேயோ, லூக்கா மாதிரி பேருங்கதான் அதிகம்.

இன்னொரு விஷயம், ஆன்ட்ரியான்னா ஜெர்மனில பொண்ணு, இத்தாலில ஆம்பள. வந்த புதுசுல மிலான்ல இருந்த ஒரு சீனியருக்கு ஃப்ராவ்னு, அதாவது திருமதின்னு போட்டு மெயில் அனுப்பிட்டேன், அவர் பொறுமையா பதில் எழுதி கடைசியில முழுப்பேருக்கு முன்னாடி ஹெர்ன்னு, அதாவது திருன்னு போட்டிருந்தார். அன்னிலேர்ந்து தெரியாத பேரா இருந்தா யாரையாவது கேட்டுட்டுதான் அனுப்பறேன்.

குழந்தை பொறந்தா ஒரு வாரத்துக்குள்ள ஸ்டான்டெஸாம்ட்டுக்கு, அதாவது பொறப்பு, கல்யாணமெல்லாம் பதியற ஆபீஸுக்கு தகவல் போயிடணும், ஆஸ்பத்திரியில பொறந்தா பெரும்பாலும் அவங்களே அனுப்பிடுவாங்க. முன்னாடியெல்லாம் ஆணா பொண்ணான்னு பேர்லயே தெரியணும்னு அதிகாரிங்க கேப்பாங்க, தெரியலேன்னா ரெண்டாவதா ஒரு பேரு சேக்கச் சொல்லுவாங்க. இந்தியத் தொடர்புள்ள ஒரு குடும்பம் பொண்ணுக்கு கிரண்னு மட்டும் வைக்கணும்னு போராடினாங்க, 2008 டிசம்பர்ல அரசியல் சாசன கோர்ட்டு அவங்களுக்கு சாதகமா தீர்ப்பு சொல்லிச்சு. அவங்களுக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கோம்.

ஆனாலும் ஆ-ன்னு முடியற பேரக் கேட்டா பொண்ணுன்னு நெனைக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. என் பையன் சூர்யாவுக்கு கிண்டர்கார்ட்டன்ல கோட்டு மாட்டுற கொக்கிக்கு மேல பட்டாம்பூச்சி ஒட்டி, பொண்ணுங்க லிஸ்ட்ல பேர எழுதி வச்சிருந்தாங்க. பட்டாம்பூச்சி அவனுக்குப் பிடிச்சுப் போச்சு, அத அப்படியே விடச் சொன்னேன், லிஸ்ட்ட மட்டும் மாத்தச் சொன்னேன். உங்க பையன் பேரும் அப்படின்னா, ஃபார்ம் குடுக்கறப்பவே உன்ஸர் ஸோன், அதாவது எங்க மகன், அப்படின்னு ஒரு வரி சேத்து எழுதிடுங்க.