வரிகள் முட்டிக்கொண்ட அழைப்பிதழ்
ஆன்லைனில் கிராஃபிக் டிசைன் அடிப்படைப் பாடத்தை முடித்த கையோடு, சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பிதழ் செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். பாடத்தில் சொன்னபடி எழுத்து 10 பாயின்ட் (அச்செழுத்தை அளக்கும் அலகு), வரி உயரம், அதாவது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரம், அதில் 120 சதவீதம்: 12 பாயின்ட். திரையில் நன்றாகத்தான் இருந்தது. ஏ5 தாளில் அச்செடுத்தால், மேல் வரி ‘ஞாயிறு’வின் வால் கீழ் வரி ‘வீட்டில்’ மேலிருக்கும் சுழியில் போய் ஒட்டிக்கொண்டது. “என்னடா, எழுத்தெல்லாம் சண்டை போடுது?” என்றார் சித்தி.

பாடத்தில் காட்டியது முழுக்க ஆங்கில எழுத்து. அதில் வரிக்குக் கீழே இறங்குபவை ஜி, பி, ஒய் போல ஒரு சிலதான். நமக்கோ மேலே புள்ளியும் சுழியும், கீழே று, மூ, பு என்று வால்களும் அடிக்கடி வரும். வரி உயரத்தை 15 பாயின்டாக்கினேன், முட்டல் நின்றது. ஆனால் இடம் போதவில்லை. எழுத்தைச் சிறிதாக்க மனமில்லாமல், ஆசையாகப் போட்ட பூக்கோலக் கரையை எடுத்தேன். உண்மையில் அதுதான் தாளுக்குப் பாரமாக இருந்தது.

அப்புறம், இரு ஓரமும் சமமாக இழுத்து நிறுத்தியதில் ‘கலந்துகொள்ளுமாறு’ போன்ற நீளச் சொல் அடுத்த வரிக்குத் தாவி, நடுவே பல் விழுந்த மாதிரி இடைவெளி. ஒவ்வொரு வரியையும் நடுவில் நிறுத்தியதும் சரியானது.

இப்போது எந்த எழுத்துரு கிடைத்தாலும், மேலே ‘ஞாயிறு’, கீழே ‘வீட்டில்’ என்று தட்டி அச்செடுத்துப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை.