எர்த் வயர் காட்டிய வேடிக்கை
என் 1997 மாடல் காருக்கு மக்கர் பண்ண நேரம் காலம் கிடையாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் பள்ளத்தில் இறங்கினால் ஹெட்லைட் மங்கும். சில நாள் செல்ஃப் எடுக்காது, ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு சரி. மெக்கானிக்கிடம் போனால் மட்டும் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும்! பேட்டரியை மாற்றியதில் பணம் போனதுதான் மிச்சம்.

அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் பிடித்துக்கொண்டு, தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். இடையில் வீணாகும் மின்னழுத்தம் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 1.8 காட்டியது. அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் வயரை ஆட்டினால் எண்ணும் ஆடியது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பு. காசிமேட்டுக் கடல்காற்றில் பத்து வருடம் தெருவிலேயே நின்ற வண்டி, வேறென்ன! உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மீட்டரில் 0.15.